பாடத்திற்கு அப்பால்: மருத்துவம் நாடும் நம் இளைஞரும் தொண்டின் வரலாறும்

மருத்துவராக வேண்டும் என்னும் எண்ணத்தோடு மேல்நிலை வகுப்பில் உயிரியல் பயிலும் பிள்ளைகள் இன்று நம் குடியிருப்புகளில் பலர் உளர். பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடும் தொழிற்சாலைக்கும் காலணித் தொழிற்சாலைக்கும் நாள்தோறும் சென்று வரும் பெற்றோரின் மக்கள் அவர்கள். பெரியோரைக் காணுந்தோறும் அவர்கள் கேட்கும் வினா ஒன்று உண்டு. பாடம் படிப்பது தவிர வேறு என்ன செய்தால் மருத்துவப் படிப்புக்குத் துணையாகும் என்பதே அது. விளையாட்டு என்பர் சிலர். பேச்சுப் போட்டி என்பர் சிலர். பணம் கட்டினால் கிடைக்கும் முகாம் சான்றிதழ்களை வாங்கிச் சேர்க்கச் சொல்வாரும் உளர். மதிப்பெண் ஒன்றே வேண்டும், மற்றவை யாவும் வீண் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோரும் இருக்கின்றனர். இவ்வினா இன்று தோன்றியதன்று. நம் மாநிலத்தில் இது நீதிமன்றம் வரை சென்ற வினா. நம் வட்டாரத்தில் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு கொண்ட வினா.

பாடப்புறப் பணிகளுக்கு அரசே மதிப்பெண் அளித்த காலம் ஒன்று இருந்தது. 1970ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் இடம் பெறுவதற்கு, புகுமுக வகுப்பில் அறிவியல் பாடங்களில் பெற்ற மதிப்பெண்ணோடு நேர்முகத் தேர்வின் மதிப்பெண்ணும் கூட்டப்பட்டது. நேர்முகத் தேர்வுக்கு உரிய உச்ச மதிப்பெண் 75. தேர்வுக் குழுவினர் கருத்திற் கொள்ள வேண்டியவை ஐந்து என்று வகுக்கப்பட்டிருந்தன. விளையாட்டு அல்லது தேசிய மாணவர் படையில் ஈடுபாடு, பாடப்புறச் சிறப்புப் பணிகள், உடல்நிலையும் தாங்கும் வலிமையும், பொது ஆற்றல், மருத்துவத்திற்கு ஏற்ற இயல்பு என்பன அவை.

காகிதத்தில் காணும்போது இது நல்ல ஏற்பாடாகவே தோன்றும். மருத்துவன் ஆகப் போகிறவன் ஏட்டுப் படிப்பாளியாக மட்டும் இருத்தலாகாது என்னும் கருத்தை யார் மறுப்பர்? ஆயினும் அக்காலத்து நம் மாணவன் ஒருவனை அந்தக் குழுவின் முன் நிறுத்திப் பாருங்கள். அவன் பள்ளியில் விளையாட்டுத் திடல் இருந்திருக்காது. மாலை வேளையில் அவன் சுண்ணாம்புத் தொட்டியருகே தந்தைக்குத் துணையாக நின்றிருப்பான். அல்லது விறகுச் சுமை தூக்கியிருப்பான். தெருவிலுள்ள எழுத்தறியாதவர்களுக்குக் கடிதம் படித்துச் சொன்னதும், காய்ச்சலில் கிடந்த அண்டை வீட்டு அம்மாவை மாட்டு வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றதும் அவன் செய்த சிறப்புப் பணிகளே. அவற்றிற்குச் சான்றிதழ் எழுதிக் கொடுக்க யாரும் இல்லை. டென்னிஸ் மட்டை பிடித்த கைக்கு மதிப்பெண் உண்டு. நோயாளியைத் தாங்கிய கைக்கு அதனை மெய்ப்பிக்க வழியில்லை.

அந்தத் தேர்வு முறையை எதிர்த்து மாணவர் சிலர் உச்ச நீதிமன்றம் சென்றனர். பெரியகருப்பன் வழக்கு என்று சட்ட நூல்கள் குறிப்பது அதுவே. 1970 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. மாநிலத்தின் கல்லூரிகளைப் பல பிரிவுகளாகப் பிரித்துப் பிரிவுக்கொரு குழு தேர்ந்தெடுத்தது செல்லாது என்று நீதிமன்றம் கூறிற்று. ஐந்து தலைப்புகளுக்கும் தனித்தனியே மதிப்பெண் இடாமல் மொத்தமாக ஓர் எண்ணை எழுதி வைத்ததும் தவறு எனப்பட்டது. நேர்முகத் தேர்வுக்கு இத்தனை மதிப்பெண் ஒதுக்குவது மிகுதி என்றும், அரசு அதனை மறுபடி ஆய்வது தகும் என்றும் நீதிபதிகள் கருதினர். எனினும் அவ்வாறு ஒதுக்கும் அதிகாரமே அரசுக்கு இல்லை என்று அவர்கள் கூறவில்லை. பிற்படுத்தப்பட்டோர்க்கும் தாழ்த்தப்பட்டோர்க்கும் உரிய ஒதுக்கீடு அத்தீர்ப்பில் நிலைத்து நின்றது என்பதையும் நம் இளைஞர் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

அந்த ஒதுக்கீட்டின் கதையும் மருத்துவக் கல்லூரி வாயிலில்தான் தொடங்குகிறது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை, 1947இல் திருத்தப்பட்ட வடிவில், ஒவ்வொரு 14 இடங்களிலும் 2 இடங்களை ஆதிதிராவிடர்க்கு அளித்திருந்தது. மருத்துவக் கல்லூரியில் இடம் நாடிய சண்பகம் துரைராசன் தொடுத்த வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை வீழ்த்தியது. அதே ஆண்டில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, 15ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. அவ்வாறு திறந்த கதவின் உள்ளே நுழைந்தால், அங்கே 75 மதிப்பெண்ணோடு ஒரு குழு அமர்ந்திருந்தது.

பின்னர் முறைகள் மாறின. 1984இல் நுழைவுத் தேர்வு வந்தது. 2006இல் அதனை நீக்கச் சட்டம் இயற்றப்பட்டு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. 2017 முதல் நம் மாநிலத்திலும் நீட் தேர்வு கட்டாயமானது. அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் அனிதா 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றும் இடம் கிடையாமல், 2017 செப்டம்பர் முதல் நாளன்று உயிர் நீத்த துயரத்தை நாம் மறக்க இயலாது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. இவ்வளவு மாற்றங்களுக்குப் பின் இன்றைய நிலை யாதெனின், அரசு மருத்துவக் கல்லூரிகளின் மிகப் பெரும்பாலான இடங்களுக்குப் பாடப்புறப் பணி எதற்கும் ஒரு மதிப்பெண்ணும் இல்லை. அமெரிக்கா போன்ற நாடுகளில் மருத்துவம் படிக்க விண்ணப்பிப்போர் தாம் செய்த தொண்டினை விரிவாக எழுதித் தர வேண்டும். நம் நாட்டில் அவ்வழக்கம் இல்லை. எனவே, சான்றிதழுக்காகப் பணம் செலவிடுவது அறியாமை என்று துணிந்து கூறலாம்.

மதிப்பெண் இல்லாத பணியை ஏன் செய்ய வேண்டும் என்னும் வினாவுக்கு விடை காண, வேலூரில் மருத்துவக் கல்வி வளர்ந்த முறையைப் பார்ப்போம்.

1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார், அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்று மீண்டு, 1900இல் வேலூரில் தம் தந்தையாரின் இல்லத்திலேயே ஒற்றைக் கட்டிலோடு பெண்களுக்கு மருத்துவம் தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகளோடு மருத்துவமனை எழுந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. 1922இல் அதன் முதல் அணியினர் 14 பேர் இறுதித் தேர்வெழுதி, 14 பேருமே தேறினர். பெண்களால் இது இயலாது என்று எண்ணியிருந்தோர் வாயடைத்துப் போயினர். 1947 முதல் ஆடவரும் சேர்க்கப்பட்டனர்.

நமக்கு இங்கு முக்கியமானது அந்நிறுவனத்தின் சாலையோர மருத்துவம். வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில், குறித்த கிழமையில், குறித்த மரத்தடிகளில் வண்டி நிற்கும். மருத்துவமனைக்கு வர வழியற்றவர்கள் அங்கே காத்திருப்பர். புண்ணுக்குக் கட்டுப் போடுதலும், கண்ணுக்கு மருந்திடுதலும், பல் பிடுங்குதலும் சாலையோரத்திலேயே நடைபெறும். மாணவியரும் உடன் செல்வர். அவர்களுக்கு அது பாடத்திற்குப் புறம்பான பணியன்று, பாடமே அதுதான். இவ்வழக்கம் பின்னர் வேறு வடிவங்களில் தொடர்ந்தது. 1977இல் கே.வி.குப்பத்தில் ஊரக நலவாழ்வுக்கும் சமூக மேம்பாட்டுக்கும் தனியொரு மையம் நிறுவப்பட்டது. கணியம்பாடி ஒன்றியத்துச் சிற்றூர்களில் முதலாண்டு மருத்துவ மாணவர்கள் சில வாரங்கள் தங்கி, வீடு வீடாகச் சென்று, மக்கள் உண்பது என்ன, நீர் எங்கிருந்து வருகிறது, பிள்ளைப்பேறு எங்கே நிகழ்கிறது என்றெல்லாம் கேட்டறியும் பயிற்சியும் உண்டு.

இதில் நாம் ஊன்றிக் காண வேண்டிய செய்தி ஒன்றுள்ளது. அந்த மாணவர்கள் வாழ்வைக் கற்கச் செல்லும் இடங்கள் எவை? பெரும்பாலும் நம் சேரிகளையும் காலனிகளையும் போன்ற இடங்களே. கேரளத்திலிருந்தும் வடநாட்டிலிருந்தும் வந்து பயில்வோர், வறுமையையும் நோயையும் பற்றி அறிய நம் தெருக்களைப் பள்ளியாகக் கொண்டனர். அதனால் நம் மக்கள் பெற்ற நன்மை பெரிது. நன்றி மறப்பது நம் பண்பன்று. ஆனால் நூறாண்டுக் காலமாக அந்தப் பள்ளியில் நாம் பாடமாக இருந்தோமேயன்றி, பாடம் கற்போராக இருந்தது மிகச் சிலரே. மருத்துவக் கனவோடு இருக்கும் நம் பிள்ளை, பிறர் பல கல் தொலைவு பயணம் செய்து காண வரும் ஒன்றைத் தன் வீட்டு வாசலில் வைத்துக்கொண்டு, தொண்டு செய்ய எங்கே போவது என்று கேட்கிறான்.

தன் மக்களிடையே தானே பணிசெய்யும் மரபு நமக்குப் புதிதன்று. பண்டிதர் அயோத்திதாசர் சித்த மருத்துவர். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே அவர் கல்விக்கும் எழுத்துக்கும் உழைத்தார். 1894இல் ஆல்காட் துரை சென்னையில் நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கியதில் அவர் பங்கு உண்டு. 1898இல் பௌத்த சங்கம் கண்டார். 1907 முதல் இதழ் நடத்தினார். அச்சங்கத்தின் கிளைகள் கோலார் தங்கவயலில் தழைத்தன. நம் திருப்பத்தூரிலும் கிளை இருந்தது. தங்கவயலுக்குப் பிழைக்கச் சென்ற வட ஆர்க்காட்டுக் குடும்பங்கள் எத்தனை என்பதை நம் பாட்டன்மார் அறிவர். மருந்துப் பெட்டியும் அச்செழுத்தும் ஒரே மனிதர் கையில் இருந்தன என்பதை நாம் கருதிப் பார்க்க வேண்டும்.

புரட்சியாளர் அம்பேத்கர் 1924இல் பம்பாயில் நிறுவிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபாவின் செயல்களைப் படிப்போர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. சோலாப்பூரில் மாணவர் விடுதி நடத்தியதை யாவரும் அறிவர். அச்சபா பம்பாயில் இலவச நூலகம் ஒன்றையும், அதனோடு ஒரு ஹாக்கிக் கழகத்தையும் நடத்திற்று! விடுதி மாணவர்களின் பெயரால் திங்களிதழும் வெளிவந்தது. தீண்டாமையின் கொடுமை உச்சத்தில் இருந்த நாளில், நம் பிள்ளைகள் மட்டை பிடித்து விளையாட வேண்டும் என்று அந்தப் பேரறிஞர் எண்ணியிருக்கிறார். விளையாட்டை வீண் என்று தடுக்கும் பெற்றோர் இதனைக் கருத வேண்டுகிறேன். மருத்துவப் படிப்பு ஐந்தரை ஆண்டு. உடல் வலிமையின்றி அது முடியாது.

இனி, நம் தோல் தொழிலுக்கு வருவோம். மருத்துவம் நாடும் நம் மாணவன் கவனிக்க வேண்டிய செய்திகள் இங்கேயே குவிந்துள்ளன.

முன்னாளில் இப்பகுதியில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டனர். 1970களில் அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, முழுதும் பதனிட்ட தோலையும் தோற்பொருள்களையும் ஊக்குவிக்கத் தொடங்கியதும் குரோமியப் பதனிடுதல் விரைந்து பரவியது. வேலையும் வருவாயும் பெருகின. பாலாற்றங்கரைக் கிணறுகளின் நீர் கெட்டது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பளித்தது. குரோமிய முறையில் ஏறத்தாழ 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுகின்றன என்றும், ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் அளவில் நீர் செலவாகிறது என்றும், தோல் தொழில் நடைபெறும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்றும் அத்தீர்ப்பில் காண்கிறோம்.

அதே தீர்ப்பில் மற்றொரு கணக்கும் இடம்பெற்றுள்ளது. திண்டுக்கல் வட்டாரத்து 13 சிற்றூர்களில் ஒரு தன்னார்வ அமைப்பினர் கிணறு கிணறாகச் சென்று பார்த்தனர்; குடிக்கவும் பாசனத்திற்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப் போயிருந்தன. எண்ணிப் பார்த்து எழுதி வைத்த அந்தக் கணக்கு, நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தின் தீர்ப்பில் ஏறியது. சிலேட்டும் பலகையும் கொண்டு நடத்தும் மாலை வகுப்பைப் போலவே, குறிப்பேடும் பேனாவும் கொண்டு தெருவைக் கணக்கெடுப்பதும் தொண்டுதான். அதற்கு வேண்டுவது பொறுமையும் நேர்மையும்.

இத்தாலி நாட்டில் இராமசீனி என்னும் மருத்துவர் இருந்தார். ஒருநாள் தம் இல்லத்துக் கழிவுக் குழியைத் தூய்மை செய்த தொழிலாளி மிகவும் விரைந்து வேலை செய்வதைக் கண்டு, ஏன் இத்தனை அவசரம் என்று கேட்டார். அங்கே நெடுநேரம் இருந்தால் கண் கெடும் என்றான் அவன். இராமசீனி நகரத்து வீதிகளில் அத்தொழில் செய்தோரைத் தேடிச் சென்று பார்த்தார். பலர் பார்வை இழந்திருந்தனர். தொழிலால் வரும் நோய்கள் பற்றி அவர் எழுதிய நூல் 1700இல் வெளிவந்தது. தோல் பதனிடுவோரின் நோய்களும் அதில் உண்டு. நோயாளியிடம் நீ என்ன தொழில் செய்கிறாய் என்று கேட்பது மருத்துவனின் கடமை என்று வற்புறுத்தியவர் அவரே. உலக மருத்துவத்தின் ஒரு பெருங்கிளை, கழிவுக் குழியில் நின்ற ஒருவனின் வாய்ச் சொல்லிலிருந்து முளைத்தது.

நம் தெருவில் அக்கேள்வியை எழுப்பிப் பாருங்கள். சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்வோரின் கைத்தோல் வெடிப்பது ஏன்? குரோமியம் படும் விரலில் ஆழ்ந்த சிறு புண் தோன்றி ஆறாமல் நிற்பது ஏன்? தோலை உரசித் தேய்க்கும் பிரிவில் இருப்போர்க்கும் வண்ணம் தெளிக்கும் பிரிவில் இருப்போர்க்கும் மூச்சு இரைப்பது எந்த வேளையில்? காலணித் தொழிற்சாலையில் பசை ஒட்டும் நம் சகோதரிகளுக்குத் தலைவலி வருவது எப்போது? கழிவுத் தொட்டியில் இறங்கியவர் ஒருவர் மயங்கி வீழ்ந்ததும், காப்பாற்றச் சென்றவரும் வீழ்வது எதனால்? இவற்றிற்குரிய விடைகளின் தொடக்கம் பதினொன்றாம் வகுப்பு வேதியியல் நூலிலேயே இருக்கிறது. 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டையில் கழிவு நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் மாண்டனர். அதே நகரில் 1995இல் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச் சென்ற கழிவோ இலட்சம் டன்னுக்கும் மேல்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். மாணவன் மருத்துவன் அல்லன். ஊசி போடுவதும், மாத்திரை தருவதும், நோய்க்குப் பெயர் சூட்டுவதும் அவன் வேலையல்ல. முதியவர் ஒருவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, சீட்டு வாங்கிக் கொடுத்து, மருத்துவர் சொன்னதை வீட்டாருக்கு விளக்கிச் சொல்லலாம். காசநோய்க்கு மருந்துண்பவர் நாள் தவறாமல் உண்கிறாரா என்று விசாரிக்கலாம். தன்னினும் இளைய பிள்ளைகளுக்கு மாலையில் அறிவியல் சொல்லித் தரலாம். கற்பிக்கும்போதுதான் தான் கற்றது தெளிவாகும் என்பதனால் இது தேர்வுக்கும் உதவுவதே. பதினெட்டு வயது நிறைந்தால் குருதிக் கொடை செய்யலாம். பத்துப் பணிகளை ஒரு மாதம் செய்து விடுவதினும், ஒரு பணியை ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம், இரண்டாண்டு செய்வது மேல். நீட் தேர்வுக்கு முந்திய நான்கு மாதங்களில் அதனையும் நிறுத்தி வைக்கலாம்; தெரு எங்கும் போய்விடாது.

நம் தொழிலின் அறிவு மருத்துவத்திற்கு நேராகவே பயன்பட்ட வரலாறு ஒன்றும் நம் அருகில் உண்டு. கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்தினார். விரலும் பாதமும் நோயினால் தாமே அழுகி உதிர்வதில்லை, உணர்ச்சி அற்றுப் போனதால் காயம் தெரியாமல் நடந்து நடந்தே புண்ணாகிக் கெடுகின்றன என்று அவர் காட்டினார். அவ்வாறாயின் அறுவைக் கத்தி மட்டும் போதாது. தக்க மிதியடி வேண்டும். 1955இல் கரிகிரியில் தொடங்கிய தொழுநோய் ஆய்வு நிலையத்திலும் மிதியடிப் பட்டறை அமைந்தது. மைக்ரோ செல்லுலர் ரப்பர் என்னும் மென்மையான அடித்தட்டு உள்ளே. தேயாத கெட்டித் தட்டு கீழே. மேலே தோல் வார். ஆணி அடிக்கலாகாது, ஏனெனின் குத்தினால் நோயாளிக்குத் தெரியாது. பாதத்தின் எந்தப் பகுதி எடையைத் தாங்குகிறது, வார் எங்கே உராயும், தையல் எங்கே வர வேண்டும் என்பனவெல்லாம் மிதியடி தைப்போரின் கை அறிந்த அறிவு. அறுவை மருத்துவரும் மிதியடி தைப்பவரும் ஒரே பாதத்தைக் குனிந்து நோக்கிய இடம் அது.

அதே வகை மிதியடி இன்று நீரிழிவால் பாத உணர்ச்சி குன்றியவர்க்கும் தரப்படுகிறது. நம் ஒவ்வொரு தெருவிலும் நீரிழிவுள்ள முதியோர் இருக்கின்றனர். அவருள் பலர் வெறுங்காலோடோ தேய்ந்த ரப்பர்ச் செருப்போடோ நடக்கின்றனர். இரவு படுக்குமுன் உள்ளங்காலின் கீழே சிறு கண்ணாடியைப் பிடித்து, வெடிப்போ கொப்புளமோ சிவப்போ உண்டா என்று பார்த்துக்கொள்ள அவர்களுக்குச் சொல்லித் தரலாம். புண் கண்டால் அடுத்த நாளே மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம்.